சாமி இல்லாத கோயில், கோப்பை இல்லாத ரீஜன்

தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு நம்ம வேலூரைப் பத்தி அடுக்குற பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். ஈஸ்போர்ட்ஸ், அதான் கம்ப்யூட்டர், மொபைல் கேம் போட்டி பாக்குற பசங்க அதுல இன்னொன்னும் சேத்துக்கலாம். வேலரண்ட் மாதிரி ஆட்டங்கள்ல கோப்பை இல்லாத ரீஜன் (போட்டிக்காகப் பிரிச்ச வட்டாரம்). தெற்காசியா. (கோட்டைக் கோயிலுக்கு 1981லயே சத்துவாச்சாரியிலிருந்து சாமியைக் கொண்டுவந்து வச்சாச்சு. பட்டியலைத்தான் இன்னும் யாரும் திருத்தல.)

வேலரண்ட்ங்குறது அஞ்சு பேருக்கு அஞ்சு பேர் ஆடுற துப்பாக்கி ஆட்டம். அதுல 2021, 2022 ரெண்டு வருஷமும் உலக அளவுப் போட்டியான மாஸ்டர்ஸ்ல நம்ம ரீஜனுக்கு நேரடி இடமே இல்ல. 2023ல பசிபிக் லீக் ஆரம்பிச்சப்போ பத்து அணியில ஒண்ணா நம்ம இந்திய அணி குளோபல் ஈஸ்போர்ட்ஸ் உள்ள போச்சு. அந்த வருஷமும் அதுக்கப்புறம் ரெண்டு வருஷமும் ஒரு மாஸ்டர்ஸ் கிடையாது, வருஷக் கடைசி உலகப் போட்டியான சாம்பியன்ஸும் கிடையாது. 2025ல அந்த அணியிலேயே பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்கள்தான். அதே லீக்ல ஆடுற சிங்கப்பூர் அணி பேப்பர் ரெக்ஸ் 2025ல டொரண்டோ போய் மாஸ்டர்ஸ் கோப்பையையே தூக்கிட்டு வந்தாச்சு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல? 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டு, இந்தியாவுக்குக் காலிறுதி, எதிர்ல வியட்நாம், 0-2. "இன்னா மச்சான், இன்னிக்கும் புட்டுக்கிச்சா?"னு கேக்குறவனுக்குச் சொல்ல பதிலே இல்ல.

தோத்ததும் எல்லாரும் சொல்றது "நம்மாளுங்களுக்கு எய்ம் (குறி) பத்தல". சும்மா பேச்சு. துப்பாக்கி சுடத் தெரியாம தோக்கல. காசுக் கணக்குல, அதாவது வேலரண்ட்ல ஒவ்வொரு ரவுண்டுக்கும் துப்பாக்கி வாங்கத் தர்ற ஆட்டக் காசுல தோக்குறோம்.

ரெண்டாவது ரவுண்டை மட்டும் பாருங்க. சின்னத் துப்பாக்கியோட ஆடுற முதல் ரவுண்டை, அதான் பிஸ்டல் ரவுண்டை, நாம ஜெயிச்சாச்சு. முதல் 800 செலவாகிப்போச்சுன்னு வச்சுக்கிட்டா கைக்கு 3000 வருது. 1600க்கு ஸ்பெக்டர் துப்பாக்கி, 400க்கு சின்ன ஷீல்டு (கவசம்), மிச்சம் 1000. தோத்தவனுக்கு 1900. அதுல 800 போட்டு ஷெரிஃப்ங்குற கைத்துப்பாக்கி மட்டும் வாங்குறான், 1100ஐ வச்சுக்கறான். ஷெரிஃப் தலையில பட்டா ஒரே குண்டுதான். அதனால இந்த ரவுண்டுல யாரும் தனியா மூலை திரும்பக் கூடாது. ரெண்டு பேரா போகணும், முன்னாடி போறவன் செத்தா பின்னாடி நிக்கிறவன் அதே மூச்சுல பழி வாங்கணும். நம்மாளு என்ன பண்றான்? கையில பெரிய துப்பாக்கி இருக்குங்குற தெம்புல கில் எடுக்கத் தனியா ஓடுறான், செத்து, ஸ்பெக்டரையும் எதிராளிக்குத் தானம் பண்றான். ரவுண்டு போச்சு.

இப்ப கணக்கு போடுங்க. கில் காசை விட்டுட்டாலும் எதிராளி கையில 1100ம் 3000ம் சேந்து 4100. வாண்டல்ங்குற பெரிய துப்பாக்கி 2900, பெரிய ஷீல்டு 1000, எல்லாம் வாங்கியும் மிச்சம் இருக்கு. நம்ம கையில 1000ம் தோல்விக் காசு 1900ம் சேந்து 2900. வாண்டல் வாங்கினா ஷீல்டுக்குக் காசில்ல, ஷீல்டு வாங்கினா வாண்டலுக்குக் காசில்ல. ஒரு ரவுண்டு தோத்தோம்னு நெனைக்கிறோம், அது குட்டி போட்டு மூணாவது ரவுண்டையும் தின்னுடுது. பதிமூணு ரவுண்டு எடுக்க வேண்டிய ஆட்டத்துல இப்படி ரெண்டு தடவை நடந்தா முடிஞ்சது கதை.

ஸ்பைக், அதான் தாக்குற அணி வைக்கிற குண்டு, அதை நாம வச்சதுக்கப்புறமும் இதே வியாதிதான். வெடிக்க 45 நொடி, எதிராளி அதை டிஃப்யூஸ் பண்ண (செயலிழக்க வைக்க) 7 நொடி. எதிராளி முன்னாடியே பாதி டிஃப்யூஸ் பண்ணி வச்சிருந்தா மூணரை நொடி போதும். நமக்கு வேலை நேரத்தைக் கடத்துறதுதான். ஆளுக்கொரு கோணத்துல ஒளிஞ்சு நின்னு, டிஃப்யூஸ் சத்தம் கேட்டதும் ஸ்பைக் மேல எரிய விடறதுக்கு ஒரு மாலி (தரையை எரிக்கிற வீச்சு) கையில இருந்தா அந்த ரவுண்டு நம்மது. ஆனா மாலியை ஸ்பைக் வைக்கிறதுக்கு முன்னாடியே வீசித் தீத்துட்டு, இருவது நொடி மிச்சம் இருக்கும்போது தேடிப் போய்ச் சாகறதை எத்தனை வருஷமா பாக்குறோம்.

இந்தப் பழக்கம் ஏன் போகமாட்டேங்குது? நம்ம ரீஜன்ல நல்ல அணிங்க ஒரு கை விரல்ல அடங்கும். அவங்களுக்குள்ளயே ஸ்க்ரிம் (பயிற்சி ஆட்டம்) ஆடுறாங்க. எதிர்ல இருக்கறவனும் தனியாவே எட்டிப் பாக்குறதால, தப்பா எட்டிப் பாத்தாலும் பாதி நேரம் ஜெயிக்குது. ஜெயிச்சது பழக்கமா ஊறிடுது. வெளியூர் அணிகிட்ட மாட்டும்போதுதான் கிழியுது.

வெளியூர்க்காரங்களோட ஆடிப் பழகணும்னா சிங்கப்பூர் சர்வர்ல ஆடணும். இதுல நம்ம வேலூர் பக்கத்துப் பசங்களுக்கு ஒரு வசதி இருக்கு, யாரும் கண்டுக்கறதில்ல. சிங்கப்பூர் போற கடலடி கேபிள்ங்க சென்னையில கரையேறுது. டெல்லிக்காரனுக்கு சிங்கப்பூர் சர்வர் எட்டாத தூரம். காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்லேர்ந்து ரூட் (டேட்டா போற வழி) சரியா இருந்தா 40, 50 மில்லிசெகண்ட் பிங்ல, அதான் சேதி போய்ட்டு வர்ற நேரத்துல, புடிக்கலாம். மும்பை சர்வருக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ரூட் சரியா இருக்கணும். கம்ப்யூட்டர்ல ட்ரேசர்ட் (வழியைக் காட்டுற கமாண்ட்) போட்டுப் பாருங்க. பாக்கெட் மொதல்ல மும்பை போய்ட்டு அங்கேர்ந்து சிங்கப்பூர் போனா பிங் ரெண்டு மடங்காயிடும். அது உங்க கேபிள்காரர் யார்கிட்ட லைன் எடுத்திருக்கார்ங்குறதைப் பொறுத்தது. வைஃபையில அளக்காதீங்க. லான் ஒயர்ல அளங்க, அதுவும் ராத்திரி ஒம்பது மணிக்கு மேல, தெருவே யூடியூப் பாக்குற நேரத்துல. சராசரி பிங் கூட பரவால்ல, பிங் எகிறி எகிறிக் குதிக்கிறதுதான் ஆட்டத்தைக் கெடுக்கும்.

மொபைல் பக்கம் கதை வேற. 2020 ஆகஸ்ட்ல பப்ஜி மொபைல் வேர்ல்டு லீக் கிழக்குல இந்திய அணி ஆரஞ்ச் ராக் ரெண்டாமிடம். செப்டம்பர் 2ம் தேதி இந்தியாவுல ஆட்டமே தடை. அதே ஆட்டம் இந்தியாவுக்குன்னு பிஜிஎம்ஐ பேர்ல திரும்பி வர பத்து மாசம். 2022 ஜூலையில மறுபடி ஆப் கடையிலேர்ந்து தூக்கினாங்க, அதுக்கும் பத்து மாசம். அந்த நேரமெல்லாம் மத்த நாட்டுக்காரன் தினம் ஆடிட்டிருந்தான். அதுக்கப்புறம் மொபைல்ல தோத்ததுக்கு வீரரைத் திட்டுறவனுக்கு நாள்காட்டியே தெரியாதுன்னுதான் சொல்லணும். (நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துல போன் சூடாகி ஃப்ரேம் விழுறது (படம் திக்கித் திக்கி ஓடுறது) தனிக் கொடுமை. சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதீங்க, கவரைக் கழட்டுங்க. ஐஸ் மட்டும் வைக்காதீங்க, உள்ள ஈரம் கோத்துக்கும்.)

நாமளும் சும்மா இல்ல. அஞ்சு பேரைத் தனியா சாய்ச்ச கிளிப்பைத்தான் ஷேர் பண்றோம். ஸ்மோக் (புகை) போட்டு எதிராளி கண்ணை மறைச்சு வழி பண்ணவன் பேரு நமக்குத் தெரியாது. கூட்டம் சேக்குறவனைத்தான் அணியும் எடுக்கும், அதுல என்ன ஆச்சரியம்? தோத்த அன்னிக்கு வீரரோட அம்மாவை இழுத்துத் திட்டுறது பொறுக்கித்தனம். 2018ல ஷாங்காய்ல கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டியில ஒரு இந்திய அணிக்காரன் கம்ப்யூட்டர்ல 'வேர்டு' பேர்ல ஏமாத்து வேலை ஒளிஞ்சிருந்ததே, அதுக்குத் தலைகுனியலாம். நேர்மையா ஆடி 13-5ல தோத்ததுக்கு எதுக்கு?

அடுத்த ஆட்டத்துல ரெண்டாவது ரவுண்டு வரும்போது ஸ்கோரை விடுங்க, பக்கத்துல ஆள் இல்லாம செத்தவன் எத்தனை பேர்னு எண்ணுங்க. சிங்கப்பூர் பிங் அளந்தவங்க நம்பரோட ஊர் பேரையும் சொல்லுங்க. குடியாத்தம் பக்கம் எவ்ளோ வருதுன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும்.