ஆறாம் வகுப்பு முதல் பருவம்: ஐந்து பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களும், ஆறு முதல் எட்டு வரை பாடம் எடுக்கும் ஆசிரிய நண்பர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல் பருவத்தில் என்னென்ன படிக்கிறது? தமிழில் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துப் பாடல், பாரதியின் காணி நிலம், சிட்டுக்குருவியைப் பற்றிய பாடம். கணக்கில் பெரிய எண்கள், இயற்கணித அறிமுகம், விகிதம், வடிவியல், புள்ளியியல். அறிவியலில் அளவீடுகள், விசையும் இயக்கமும், தாவரங்கள், விலங்குகள், உடல்நலம். சமூக அறிவியலில் சிந்துவெளி நாகரிகம், தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள், சூரியக் குடும்பம், நிலப்பரப்பும் பெருங்கடல்களும். ஆங்கிலத்தில் முதல் பாடமே கடலாமை. இது அத்தனையும் ஜூனில் பள்ளி திறந்து செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வருவதற்குள் முடிய வேண்டும்.

பட்டியலைப் பார்த்ததும் பெற்றோர் பலரும் "இவ்வளவா?" என்றுதான் கேட்கிறார்கள். நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிற நான் சொல்கிறேன்: பாடம் அதிகம் என்பது பாதி உண்மைதான். ஒன்றோடொன்று சேர்ந்து நிற்க வேண்டிய பாடங்களை நாம் பிரித்துப் பிரித்து நடத்துகிறோம். அதனால்தான் சுமை இரண்டு மடங்காகத் தெரிகிறது.

விகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 : 4 என்பதைச் சுருக்கினால் 1 : 2 என்று கரும்பலகையில் போட்டால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், கணக்கும் சரியாகத்தான் வரும். ஆனால் அது எதற்கு என்று தெரியாது. அதே வாரத்தில் அடுத்த பீரியடில் சமூக அறிவியல் டீச்சர் ஹரப்பாவின் சுட்ட செங்கல்லைப் பற்றி நடத்திக்கொண்டிருப்பார். அந்தச் செங்கல்லின் உயரம், அகலம், நீளம் மூன்றும் 1 : 2 : 4 என்ற விகிதத்தில் இருந்தவை. வீடு கட்டும் கல் 7, 14, 28 சென்டிமீட்டர் அளவில் கிடைத்திருக்கிறது. கோட்டைச் சுவருக்கான பெரிய கல் 10, 20, 40. ஹரப்பாவுக்கும் மொகஞ்சதாரோவுக்கும் நடுவில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தூரம். ஆனாலும் இரண்டு ஊரிலும் ஒரே விகிதம்.

போன வருடம் இதைச் செய்தே பார்த்தோம். பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஆளுக்கொரு செங்கல் வாங்கிவரச் சொன்னேன். ஸ்கேலை வைத்து அளந்தார்கள். ஒருவன் 22 என்றான், பக்கத்தில் இருந்தவன் அதே கல்லை 22.5 என்றான். சண்டை. அறிவியல் புத்தகத்தில் இடமாறு தோற்றப்பிழை என்று ஒன்று இருக்கிறதே, அதை ஞாபகப்படுத்தினேன். கண்ணை அளவுக்கோட்டுக்கு நேர் மேலே வைத்துப் பார்க்க வேண்டும், சாய்வாகப் பார்த்தால் அளவு மாறித் தெரியும். இருவரும் குனிந்து நேராகப் பார்த்தார்கள், சண்டை முடிந்தது. அப்புறம் உயரம், அகலம், நீளம் மூன்றையும் விகிதமாக எழுதச் சொன்னேன். 1 : 2 : 4 யாருக்கும் வரவில்லை. வேறு வேறு சேம்பரில் (செங்கல் சூளையில்) சுட்ட கல் என்பதால் ஒரே மாதிரியும் வரவில்லை. "அப்போ அந்தக் காலத்துல எல்லா ஊருக்கும் ஒரே அச்சு யார் டீச்சர் கொடுத்தாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். வரலாற்று அறிஞர்களே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது. பதினோரு வயதுப் பிள்ளை ஒரு செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டாள்.

சிந்துவெளி எடைக்கற்களும் அப்படித்தான். கன சதுர வடிவக் கற்கள். 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும். 1, 2, 4, 8, 16 என்ற ஐந்து கற்கள் மட்டும் இருந்தால் 31 வரை எந்த எடையையும் போட முடியும். வேண்டுமானால் பேப்பரில் எழுதிப் பாருங்கள், 13-க்கு 8, 4, 1. பிள்ளைகள் இதில் ஒரு பீரியட் முழுக்க மூழ்கிப் போவார்கள். இதைத் தேர்வில் என்னவாகக் கேட்கிறோம்? "சிந்துவெளி மக்களின் எடை, அளவுகள் பற்றிக் குறிப்பு எழுதுக." பிள்ளை நான்கு வரி மனப்பாடம் செய்து எழுதுகிறது. அந்த நான்கு வரிக்குள் ஒரு கணக்குப் பாடமே இருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை.

தமிழ்ப் பாடத்துக்கு வருகிறேன். சிலப்பதிகார வாழ்த்தில் மாமழையைப் போற்றும்போது "நாமநீர் வேலி உலகிற்கு" என்று வரும். அச்சம் தரும் கடலை வேலியாகக் கொண்ட உலகம். புவியியலில் பூமியின் பரப்பில் 71 சதவீதம் நீர், 29 சதவீதம் நிலம் என்று படிக்கிற பிள்ளைக்கு இந்த ஓர் அடியைக் காட்டினால் போதும், இரண்டும் மறக்காது. அதே பாட்டில் ஞாயிறு "பொற்கோட்டு மேரு வலம்திரிதலான்" என்று இருக்கிறது. சூரியன் மேரு மலையை வலம் வருகிறதாம். சமூக அறிவியலிலோ பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே பருவத்தில் படிக்கிற பிள்ளைக்குக் குழப்பம் வரத்தானே வேண்டும்? பெரும்பாலும் வருவதில்லை. அது அந்தப் பாடம், இது இந்தப் பாடம் என்று தனித்தனிப் பெட்டியில் போட்டுக்கொள்ள அதற்குள் பழகிவிட்டார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருப்பது இதுதான்.

எங்கள் தமிழய்யா இதை வகுப்பில் அழகாக நடத்தினார். "இந்தப் பாட்டை எழுதியவர் தினமும் வானத்தைப் பார்த்தவர். கிழக்கே உதித்து மேற்கே போகும் சூரியனைப் பார்த்துவிட்டு எழுதினார். நீயும் நாளைக்குக் காலையில் பார், உனக்கும் அப்படித்தான் தெரியும். பிறகு எப்படி மாற்றிச் சொல்கிறோம் என்று அறிவியல் சாரைப் போய்க் கேள்" என்று அனுப்பிவிட்டார். பாட்டின் மதிப்பும் குறையவில்லை, அறிவியலும் கெடவில்லை. கேள்வி வகுப்பு விட்டு வகுப்பு போனது.

அந்தச் சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, நிலா 3,84,000 கிலோமீட்டரில். இந்த எண்களை இட மதிப்போடு எழுதுவது என்னுடைய முதல் பாடம். வகுத்துப் பார்த்தால் நிலாவைவிடச் சூரியன் ஏறக்குறைய 390 மடங்கு தூரம். மைதானத்தில் ஒரு பையனைப் பூமியாக நிறுத்தி, ஓர் எட்டு தள்ளி ஒரு பெண்ணை நிலாவாக நிறுத்தினால், சூரியன் 390 எட்டு நடந்து எங்கேயோ கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே நடப்பார்கள். கோடி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் உடம்புக்குத் தெரியும்.

காணி நிலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய செங்கல்பட்டு, சென்னைப் பகுதிக் கணக்கில் ஒரு காணி என்பது 57,600 சதுர அடி, அதாவது 2,400 சதுர அடியில் 24 கிரவுண்டு. ஏக்கரில் சொன்னால் 1.32. எங்கள் வகுப்பில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் மரத்துக்கு மரம் 25 அடி விட வேண்டும் என்று அப்பா சொல்லித் தெரிந்து வைத்திருந்தான். அப்படியானால் ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. ஒரு காணிக்குள் 92 மரம் நிற்கும். பாரதி கேட்டது பத்துப் பன்னிரண்டுதான். மீதி இடம் மாளிகைக்கும் கேணிக்கும் நிலாவுக்கும் குயிலுக்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு பிள்ளைகள் அந்தப் பாட்டைச் சொன்ன விதமே வேறாக இருந்தது. ஒவ்வொருவரும் மனசுக்குள் ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டு சொன்னார்கள்.

பண்டைய நகரங்கள் பாடத்தில் பூம்புகார், மதுரை, காஞ்சி வருகின்றன. சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டமாகப் போகிறது. கதையை அரைமணி நேரம் சொன்னாலே இரண்டு நகரங்கள் பாடமாகிவிடும். புகாரின் வணிகர்கள் வாங்கும்போது கூடுதலாக எடுக்க மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்று பட்டினப்பாலை பேசுகிறது. அதுவும் அளவைப் பற்றிய பேச்சுதான்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முடிச்சுப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலெழுத்து, சார்பெழுத்தைத் தனியாகத்தான் நடத்த வேண்டும். இயற்கணிதத்தில் x என்று ஒன்று முதல்முதலாக வரும்போது அதற்கு அமைதியான நேரம் வேண்டும், வேறு எதையும் அதன்மேல் ஏற்றக் கூடாது. வலிந்து சேர்த்தால் இரண்டு பாடமும் கெடும். ஆனால் தானாகச் சேரும் இடங்களைக்கூட விட்டுவிடுகிறோமே.

புத்தகம் எழுதியவர்கள் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. 2018-ல் வந்த ஆறாம் வகுப்புப் புத்தகங்கள் அதற்கு முந்தியவற்றைவிட எவ்வளவோ மேல். படங்கள், செயல்பாடுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் அறிவியலில் அளவீடுகள் முதல் பருவத்தின் முதல் பாடம். கணக்கில் அளவைகள் இரண்டாம் பருவத்தில். மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக மாற்ற ஜூனில் அறிவியல் ஆசிரியர் திண்டாடுகிறார். அதற்கான கணக்கை நான் அக்டோபருக்கு மேல் சாவகாசமாக நடத்துகிறேன். இரண்டு பாடக்குழுவும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. அடுத்த முறை புத்தகம் மாற்றும்போது இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

2012-13-ல், ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம் தரும் முப்பருவ முறை வந்தபோது பை எடை குறையும், தேர்வுச் சுமை குறையும் என்றார்கள். குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் பருவம் முடிந்ததும் அந்தப் புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு "அது முடிஞ்சு போச்சு" என்று சொல்லும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. செப்டம்பரில் விகிதம் படித்த பிள்ளையிடம் ஜனவரியில் விகிதம் கேட்டால் முழிக்கிறது. ஒரு பாடத்தில் மட்டும் தொட்டது சீக்கிரம் போய்விடும். மூன்று பாடத்தில் தொட்டது அவ்வளவு சுலபமாகப் போகாது, நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் புதுத் திட்டம், புதுப் பயிற்சி எதுவும் வேண்டாம். இருக்கிற ஏற்பாடே போதும். பருவம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறிக்கு 60. அந்த 40-ல் பாதி செயல்பாடுகளுக்கு. இப்போது அந்தச் செயல்பாடு எப்படி நடக்கிறது? ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி சார்ட். பெற்றோர் ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டேஷனரி கடைக்கு ஓடி படம் வாங்கி ஒட்டுகிறார்கள், அல்லது பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துத் தருகிறார்கள். பிள்ளை பெயர் மட்டும் எழுதுகிறது. அதற்குப் பதிலாகச் செங்கல் அளந்த நோட்டை அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் மூன்றுக்கும் ஒரே செயல்பாடாக வைத்துக்கொள்ளலாம். மூவரும் அவரவர் பாடத்துக்கு வேண்டியதைப் பார்த்து மதிப்பெண் போடட்டும். சார்ட் செலவு மிச்சம், பெற்றோருக்கு ராத்திரி மிச்சம், பிள்ளைக்கு ஒரு விஷயமாவது முழுசாகக் கிடைக்கும்.

ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பதிவேடு, பதிவேற்றம், கூட்டம் என்று நாள் போவது எனக்கும் தெரியும். ஆனால் நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை பெரும்பாலும் மூன்று நான்கு பேர்தான் எல்லாப் பாடத்தையும் எடுக்கிறோம். மதியம் ஒரே இடத்தில்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறோம். பருவம் தொடங்கும் வாரத்தில் ஒரு நாள் அந்த நேரத்தில் பொருளடக்கங்களை எடுத்து வைத்து, "நீங்க சிந்துவெளியை எப்ப ஆரம்பிக்கிறீங்க? நான் விகிதத்தை அதுவரைக்கும் தள்ளி வைக்கிறேன்" என்று பேசினாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். எங்கள் பள்ளியில் அப்படித்தான் தொடங்கினோம். தலைமை ஆசிரியர் பாடத்திட்டக் குறிப்பேட்டில் வரிசை மாறுவதற்குச் சம்மதம் சொன்னார், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பெற்றோர்களுக்கு ஒன்று. சாயங்காலம் பிள்ளை வந்ததும் "டெஸ்ட் வெச்சாங்களா, எத்தனை மார்க்?" என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், தப்பில்லை. கூடவே "கணக்குல படிச்சது வேற எந்தப் பாடத்துலயாவது வந்துச்சா?" என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் சில நாள் இல்லை என்றுதான் பதில் வரும். அப்புறம் பிள்ளையே தேட ஆரம்பிக்கும்.

அக்டோபரில் இரண்டாம் பருவம் தொடங்குகிறது. கணக்கில் பட்டியல் (கடை பில்), இலாபம், நட்டம் வருகிறது. தமிழில் வளரும் வணிகம் என்ற பாடம் இருக்கிறது. எங்கள் ஊரில் வியாழக்கிழமை வாரச்சந்தை. தமிழய்யாவும் நானும் பேசி முடித்துவிட்டோம், இரண்டு பாடத்தையும் ஒரே வாரத்தில் வைத்து அந்த வியாழக்கிழமை பிள்ளைகளை நோட்டோடு சந்தைக்குக் கூட்டிப் போகிறோம். காய்க்காரர்கள் இரண்டு பேரிடம் வாங்கிய விலை, விற்ற விலை, வண்டி வாடகை சொல்லச் சம்மதம் கேட்டு வைத்திருக்கிறேன். சாயங்காலம் மீந்து போன தக்காளியை என்ன விலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லப் போகிறோம்.