அழுத பிள்ளை

(2126. குறிஞ்சி பூத்த வருடம். கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் ஒரு சேவை மையம்.)

ஊழியர்: நெட் இல்லை பாட்டி. மேகம் இறங்கியிருக்கிறது. நாளைக்கு வாங்க.

பாட்டி: நேற்றும் இதையேதான் சொன்னாய். செவ்வாய் கிரகம் போனவன் சினிமா பார்க்கிறானாம். மன்னவனூர் வளைவு திரும்பினால் நமக்கு ஒன்றும் இல்லை.

ஊழியர்: உயிரோடு இருக்கிற சான்றுதானே? அப்படி என்ன அவசரம்?

பாட்டி: எனக்கு 76 வயது தம்பி. அவசரம்தான். எங்க பூட்டி காலத்து நெட்டே தேவலை. வந்தால் வந்தேன் என்று அழும்.

ஊழியர்: எது அழும்?

பாட்டி: மோடம். கீ... கர்ர்ர்... ஙொய்ங் என்று அரை நிமிடம் அழுது ஊரைக் கூட்டும்.

ஊழியர்: பச்சைப் பிள்ளையா? பால் கொடுக்க மாட்டார்களா?

பாட்டி: பாலா? போன் லைனில் கட்டிப் போட்டிருப்பார்கள்.

ஊழியர்: கட்டிப் போட்டா!

பாட்டி: பக்கத்து அறையில் அத்தை போனை எடுத்தால் செத்துப்போகும்.

ஊழியர்: அடப்பாவமே!

பாட்டி: மறுபடி டயல் செய்தால் உயிர் வரும். முதலிலிருந்து அழும். 2000-ல் பூட்டிக்கு மாப்பிள்ளை போட்டோ மெயிலில் வந்ததாம். மொத்த மெயில் பெட்டியே 2 எம்பிதான். அதில் பாதி, பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ரத்தம் கக்குவாய் என்ற சாமி மெயில். போட்டோ மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முடி வந்தது. நெற்றி வந்தது. மீசை வருவதற்குள் அத்தை போனை எடுத்துவிட்டார்.

ஊழியர்: அப்புறம்?

பாட்டி: நெற்றியைப் பார்த்தே சம்மதம் சொல்லிவிட்டார். மூக்கைக் கல்யாணத்தன்றுதான் பார்த்தார்.

ஊழியர்: அதை விடுங்க. பிள்ளைக்குக் கடைசி வரை பால் கொடுக்கவே இல்லையா?

பாட்டி: நீ ஒருத்தன்! 1995 ஆகஸ்ட் 15-ல் ஜனங்களுக்கு நெட் கொடுத்தார்கள். சுதந்திர தினமாகப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். 131 வருடம் ஆகிறது, இந்த மலையில் இன்னும் கொடி ஏறவில்லை.

ஊழியர்: (பழைய பதிவைப் புரட்டி) பாட்டி, இதில் நீங்கள் போன மாதமே போய்விட்டதாக இருக்கிறதே.

பாட்டி: அப்படியா? நானும் கீ... கர்ர்ர்... என்று அழுது காட்டட்டுமா?

ஊழியர்: அழுங்க பாட்டி. இருங்க, யாரும் போனை எடுக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.