கண்ணாடிக் கடல்: கணக்கு மழைக்காலத்துக்கு அல்ல, நிலவுக்கு

வணக்கம் அண்ணா. மலேசியாவின் கோலசிலாங்கூர் கடலில் வானம் பிரதிபலிக்கும் மணல்திட்டு வறட்சிக் காலத்தில் மட்டுமே தெரியும், ஆண்டின் கடைசி மாதங்களில் போவது வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து ஊரான புக்கிட் ரோத்தானில் பலரும் இதைப் பகிர்கிறார்கள். ஆனால் அந்தத் திட்டு வெளிப்படுவது பருவத்தால் அல்ல, கடல் வற்றுவதால்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், கடல் வழக்கத்தைவிட அதிகம் ஏறி அதிகம் வற்றும். அப்போதுதான் திட்டு தலைகாட்டும். கணுக்கால்கூட நனையாத மெல்லிய நீர்ப்படலத்தில் மேகம் அப்படியே விழும். அரைநிலவு தெரியும் அஷ்டமி வாக்கில் கடல் அவ்வளவு வற்றாது; அப்போது போனால், எவ்வளவு வெயில் அடித்தாலும் மணல் நீருக்கடியில்தான். இது 12 மாதமும் நடக்கிறது. மழை பெய்தால் படகு கிளம்பாமல் போகலாம். அது வேறு சங்கதி.

சரிபார்ப்பது எளிது. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் அமாவாசையையும் அஷ்டமியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கரையிலுள்ள துறைமுகமான போர்ட் கிள்ளானுக்கான கடல் ஏற்றவற்ற அட்டவணையில் அவ்விரு நாள்களின் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்தை ஒப்பிடுங்கள். டிசம்பர், ஜூன் இரண்டுக்கும் பாருங்கள். படகுக்காரர்களிடம் கேட்டாலும் முதலில் பிறைக் கணக்கைத்தான் சொல்வார்கள்.