முற்றிய நோயாளிகளையும் சேர்த்துக்கொண்ட ஸ்பிவாக்

அமெரிக்காவின் டென்வர் நகரில் ஏழைக் காசநோயாளிகளைக் கவனித்த டாக்டர் சார்லஸ் ஸ்பிவாக்கை, நான் படித்த ஒரு கட்டுரை இரண்டே வரியில் முடித்துவிட்டது. முக்கியமான விஷயம் விடுபட்டுப்போனது. 1899-இல் அதே நகரில் திறந்த நேஷனல் ஜூயிஷ் மருத்துவமனையும் இலவசம்தான். ஆனால் தொடக்க நிலை நோயாளிகளுக்கே அங்கே முன்னுரிமை. நுரையீரல் பாதி அரித்துப்போன ஏழை எங்கே போவான்? ரஷ்யப் பேரரசிலிருந்து 1882-இல் குடியேறிய ஸ்பிவாக், 1904-இல் நண்பர்களோடு தொடங்கிய யூதக் காசநோயாளர் நிவாரணச் சங்கம் எந்த நிலையில் வந்தாலும் சேர்த்துக்கொண்டது. இறப்புக் கணக்கு கூடும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

முதலில் கட்டடம்கூட இல்லை, மரத்தளம் போட்ட கூடாரங்கள்தான். காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வர இன்னும் நாற்பது வருஷம் இருந்தது. ஓய்வு, திறந்த காற்று, பால், முட்டை இவைதான் வைத்தியம். அக்காலச் சானடோரியங்களில் (காசநோயாளிகள் தங்கி வைத்தியம் பெறும் இடங்களில்) சளியைக் காகிதக் கோப்பையில் துப்பவைத்து, கோப்பையோடு எரிப்பார்கள். தரையில் காய்ந்தால் தூசியோடு கிருமியும் பறக்குமே!

அங்கே நடந்த கோஷர் சமையலையும், அதாவது யூத மத நெறிப்படியான சமையலையும், சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடாது. பாலையும் இறைச்சியையும் கலக்கவே கூடாது, பாத்திரமும் தனித்தனி. மத நெறி மீறிய சாப்பாடு என்றால் பக்தியுள்ளவர்கள் தட்டைத் தொடமாட்டார்கள். எடை ஏறினால்தான் பிழைப்பார்கள் என்ற நோயில் அது உயிர்ப் பிரச்சினை.