மாட்டுக்குச் சோறு போடுகிறவர்கள் கவனத்துக்கு

மாட்டை அடிப்பவனைப் பார்த்தால் தெருவே கூடித் திட்டும். அன்னக்கூடை நிறைய மீந்த சோற்றை அதே மாட்டின் முன்னால் கொட்டிவிட்டுப் போகிறவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. புண்ணியவான் என்போம். மாட்டுக்கு இந்த இரண்டாவது ஆள்தான் ஆபத்தானவர் என்பது என் கட்சி. பொங்கல் நெருங்குகிறது, அதனால் இதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் தீனி எடுக்காமல் நிற்கிற மாட்டைக் கவனித்துப் பாருங்கள். அசை போடாது. பல்லை நறநறவென்று கடிக்கும். நடக்கவிட்டால் பின்னங்கால் தள்ளாடும். சாணம் மஞ்சளாக, கூழாகப் போகும். புளித்த வாடை அடிக்கும். செரிக்காத சோற்றுப் பருக்கை அதில் கிடக்கும். கண் உள்ளே போயிருக்கும், காது சில்லென்றிருக்கும். இடது விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் முஷ்டியால் அமுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்கும். வீட்டில் இதைத் திருஷ்டி என்பார்கள், சிலர் விஷப்பூச்சி கடித்திருக்கும் என்பார்கள். பெரும்பாலும் அது சோறு.

ஏன் என்று தெரிந்துகொண்டால் சோறு போடக் கை வராது. மருத்துவர்கள் ரூமன் என்று சொல்லும் பெருவயிற்றில் மாடு தானாக எதையும் செரிப்பதில்லை. அங்கே இருக்கிற கோடானுகோடி நுண்ணுயிரிகள்தான் வைக்கோலையும் புல்லையும் உடைத்துக் கொடுக்கின்றன. அவை உயிரோடிருக்க, உள்ளே அமிலக்காரக் குறியீடு (pH, எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடுதல்) 6-லிருந்து 7-க்குள் நிற்க வேண்டும். அதை நிறுத்தி வைப்பது எச்சில். வைக்கோலை மென்று, திரும்ப எடுத்து அசை போடும்போது ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும். அதில் இயற்கையாகவே சோடா உப்பு இருக்கிறது.

சோற்றை மாடு மெல்லாது, விழுங்கும். எச்சில் ஊறாது. வெந்த மாவுச்சத்து பெருவயிற்றில் மிக வேகமாகப் புளிக்கும். லாக்டிக் அமிலம் சுரக்கும் கிருமிகள் பெருகும். குறியீடு 5-க்குக் கீழே இறங்கும். நார்ச்சத்தைச் செரிக்கிற நல்ல உயிரிகள் செத்துப்போகும். அமிலம் கூடக்கூட உடம்பிலுள்ள நீரெல்லாம் ரத்தத்திலிருந்து வயிற்றுக்குள் இழுக்கப்படும். தளும்புகிற சத்தம் அதுதான். வயிறு நிறையத் தண்ணீர், உடம்போ வறண்டு கிடக்கும். பிறகு அமிலம் ரத்தத்தில் ஏறும். கடுமையாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் மாடு படுத்துவிடும், எழாது.

எவ்வளவு தின்றால் இப்படி ஆகும்? பழக்கமில்லாத மாட்டுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் தானியத்தைத் தாண்டினாலே ஆபத்து. 250 கிலோ நாட்டு மாட்டுக்கு ஆறேகால் கிலோ அரிசி. வெந்த பிறகு அது மூன்று பங்கு எடை ஏறும். கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் ஒரே மாடு ஒரு மதியத்தில் தின்னக்கூடிய அளவுதான். மெலிந்த மாடு, கன்று, ஆடு என்றால் இன்னும் குறைவே போதும். வெல்லமும் சர்க்கரையும் அரிசியைவிட வேகமாகப் புளிக்கும், ஆகவே சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் இன்னும் மோசம். அரிசி மட்டும்தான் என்றில்லை. 2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் 5 மாடுகள் இறந்தன. பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறிக் கொடுத்ததுதான் காரணம்.

“எங்க தாத்தா காலத்துல போடலையா?” என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். போட்டார்கள். கழனித் தண்ணித் தொட்டியில் அரிசி களைந்த நீர், காய்கறித் தோல், ஒரு கை பழைய சோறு. தினமும் கொஞ்சம், நீர்க்க நீர்க்க. அந்த மாடு பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வந்து அதைக் குடித்தது. இன்றைக்கு நகரத்து மாட்டுக்கு மேய்ச்சலும் இல்லை, வைக்கோலும் இல்லை. வெறும் வயிற்றில் ஒரே மூச்சாக அன்னக்கூடை. பெருவயிற்று உயிரிகள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு வாரம் வேண்டும். ஒரு நாள் பண்டிகைக்கு அவை எப்படிப் பழகும்?

பால் கூடும் என்று ரேஷன் அரிசியை வேகவைத்துக் கொட்டுகிற மாட்டுக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும். 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, தவிட்டு விலையும் புண்ணாக்கு விலையும் ஏறிக்கொண்டே போகிறது. அவர்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. கொடுத்துத்தான் தீர வேண்டும் என்றால் அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். காலை மாலை இரண்டாகப் பிரித்து, தவிடு புண்ணாக்கோடு கலந்து கொடுங்கள். முதலில் வைக்கோல் அல்லது சோளத்தட்டை, அதன் பிறகுதான் அரிசி. இந்த வரிசை முக்கியம். ஒரு நாள் தீனியில் பாதிக்குக் குறையாமல் நார்த்தீனி இருக்கட்டும். வைக்கோலைக் குறைத்துவிட்டு அரிசியை ஏற்றினால் முதலில் பாலில் கொழுப்பு இறங்கும், அப்புறம் குளம்பு நொந்து மாடு நொண்டும். அந்த நொண்டலுக்குக் காலில் மருந்து தடவிக்கொண்டிருப்பதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

தின்றுவிட்டது என்று தெரிந்தால், மாடு நன்றாகத்தானே நிற்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அறிகுறி தெரியவே எட்டு, பத்து மணி நேரம் ஆகலாம். உடனே 1962-க்கு அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். மிச்சச் சோற்றை அப்புறப்படுத்துங்கள். நல்ல வைக்கோல் மட்டும் போடுங்கள். முதல் சில மணி நேரம் வயிறு முட்டத் தண்ணீர் காட்டாதீர்கள். மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, பெரிய மாட்டுக்கு 100 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் நீரில் கரைத்துப் புகட்டலாம். ஆட்டுக்கு 10 கிராம் போதும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அது உதவாது. வயிறு ஏற்கெனவே உப்பி இறுகியிருந்தால் சோடா கொடுக்கவே கூடாது, இன்னும் வாயு கிளம்பும். மோர், புளிக்கரைசல், வெல்லத் தண்ணீர் எதுவும் வேண்டாம். புளித்த வயிற்றில் இன்னும் புளிப்பா?

புகட்டும்போது நடக்கிற தப்பு வேறு. இரண்டு பேர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை வானம் பார்க்கத் தூக்க, மூன்றாவது ஆள் மூங்கில் குழாயில் மடமடவென்று ஊற்றுவார். மருந்து நுரையீரலுக்குப் போகும். அமிலத்தில் பிழைத்த மாடு நிமோனியாவில் சாகும். தலை முதுகு மட்டத்துக்கு மேல் போகக் கூடாது, நாக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது, கடைவாய் ஓரமாக வாய் வாயாக ஊற்றி விழுங்கவிட வேண்டும். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். படுத்துவிட்ட மாட்டுக்குப் புகட்டவே கூடாது.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். “ஒண்ணும் சாப்பிடல சார், நேத்துல இருந்து இப்படித்தான்” என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு என்று தெரிந்தால்தான் நரம்பில் சோடா பைகார்பனேட் ஏற்றினால் போதுமா, விலாவில் கீறிச் சோற்றை வெளியே அள்ள வேண்டுமா என்று அவர் முடிவெடுக்க முடியும். கன்று போட்டு இரண்டு மூன்று நாளான பசுவும், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதால் வரும் பால் காய்ச்சலில் காது சில்லிட்டுப் படுக்கும். சோற்றை மறைத்தால் வைத்தியம் தடம் மாறிவிடும்.

மண்டபக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் மாடு திரிந்தால் மாநகராட்சி மாட்டுக்காரருக்கு அபராதம் போடுகிறது, சரி. பின்வாசலில் சோறும் எச்சிலிலையும் பிளாஸ்டிக் டம்ளரும் பல் குத்தும் குச்சியும் ஒன்றாகக் குவித்து வைத்த மண்டபத்துக்கு? மாடு உதட்டால் பொறுக்கித் தின்னாது, நாக்கால் வளைத்து வாரும். சோற்றோடு பையும் போகும், பந்தல் கட்டிய கம்பித் துண்டும் போகும். பை பெருவயிற்றிலேயே தங்கிவிடும். கம்பி அதற்கு முன்னால் இருக்கிற இரண்டாம் இரைப்பையில் விழும். அங்கிருந்து இதயத்துக்குச் சில அங்குலம்தான். குத்திச் சீழ் வைத்துத் தாடைக்கடியிலும் மார்பிலும் நீர் கோத்த பிறகு கொண்டுவந்தால் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. மண்டப வாடகை ரசீதிலேயே கழிவுக்கு ஒரு தொகை வாங்குகிறார்கள். அதில் மூடி போட்ட தொட்டி ஒன்று வைக்க முடியாதா?

கோயில் மாட்டுக்கு அமாவாசையன்று அகத்திக்கீரை கொடுப்பதில் தவறில்லை. கட்டின நூலை அவிழ்த்துவிட்டுக் கொடுங்கள். உங்களுக்கு முன்னால் முப்பது பேர் கொடுத்திருந்தால் கோசாலைக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், அவர் நாளைக்குப் போடுவார். அதே காசுக்கு வைக்கோல் கட்டு வாங்கித் தந்தால் இன்னும் நல்லது. வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தால் அதைவிட நல்லது. கறவை மாட்டுக்கு நாளுக்கு 50 லிட்டர் தண்ணீராவது வேண்டும், தெரு மாட்டுக்கு அது எங்கே கிடைக்கிறது? தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள், பாசி பிடிக்காது.

மாட்டுப் பொங்கலன்று படையலில் ஒரு உருண்டை ஊட்டுவதை யாரும் தடுக்கவில்லை. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் தனித்தனியாக ஊட்டாதீர்கள். ஊட்டுவதற்கு முன்னால் மாட்டுக்கு வைக்கோல் போட்டு வயிற்றை நிரப்புங்கள். மிச்சப் பானையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். கயிறு அவிழ்ந்த மாடு நேராகப் போகிற இடம் அதுதான்.