பள்ளிக்கரணைக்கு எல்லைக்கோடு மட்டும் போதாது

2022-இல் தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தபோது மனம் நிறைந்தது. இன்று தமிழ்நாட்டில் 20 ராம்சர் தலங்கள் இருக்கின்றன. இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதாலேயே ஒரு சதுப்பு பிழைத்துவிடாது. அதற்குத் தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் இருக்க வேண்டும். அந்த இரண்டைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தென்சென்னையில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை இங்குதான் வந்து சேர்கிறது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் கலங்கல் தாண்டி நன்மங்கலத்துக்குப் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை. வந்த வெள்ளத்தைச் சதுப்பு தேக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்ப, அது கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்துபோன காட்சியை நாம் எல்லோருமே பார்த்தோம்.

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையோரம் காலையில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைத் தண்டைப் பிடுங்கி, கை போலவே காலால் பற்றிக்கொண்டு, அதன் வெள்ளைக் குருத்தை நறுக்கித் தின்னும். அதற்குப் பின்னால் பெருங்குடி குப்பைக் கிடங்கு தெரியும். நீங்கள் நிற்கும் சாலையே சதுப்பை இரண்டாக வெட்டிப் போட்டதுதான். இரு பக்கத்துத் தண்ணீரும் சாலைக்கு அடியிலுள்ள சிறுபாலங்கள் வழியாகத்தான் நுழைந்து போக வேண்டும்.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம் இது. இப்போது ராம்சர் எல்லைக்குள் இருப்பது சுமார் 1,248 ஹெக்டேர். தனியார் மட்டுமா தின்றார்கள்? குப்பை கொட்டியது மாநகராட்சி. சாலை போட்டது அரசு. அடையாறு, கூவம் கரைகளில் வெள்ள அபாயம் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களை அப்புறப்படுத்தி, இந்தச் சதுப்பின் ஓரத்திலுள்ள பெரும்பாக்கத்தில் குடியேற்றியதும் அரசுதான். அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்ட ஏரிகளை ஈரநிலமாகவே கணக்கில் எடுப்பதில்லை. பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் தருபவை பெரும்பாலும் அத்தகைய ஏரிகள்தான். பிள்ளைக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டுத் தாயைத் தெருவில் விடுவதா?

நீர்வழியைச் சரிசெய்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் கடலோர உவர்நீர் ஏரியான சிலிகாவே சாட்சி. முகத்துவாரம் தூர்ந்து, உப்புத்தன்மை குறைந்து, மீன்வளம் அழிந்து, 1993-இல் அது ஆபத்திலுள்ள ராம்சர் தலங்களின் பதிவேட்டில் ஏறியது. 2000-இல் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். மீன் திரும்பியது. 2002-இல் அந்தப் பதிவேட்டிலிருந்து நீங்கியது. அங்கே வேலி போட்டு ஏரியைக் காப்பாற்றவில்லை, வழி திறந்துதான் காப்பாற்றினார்கள்.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதேவேளை, கடன் வாங்கி அரை கிரவுண்டு வாங்கிய குடும்பத்தின் தவிப்பும் நியாயமானது. பட்டாவும் பத்திரப்பதிவும் கொடுத்த அரசு, இப்போது அவர்களைக் காக்க வைப்பது சரியல்ல. ஆய்வை இழுத்தடிப்பதால் லாபம் அடைபவர்கள் பெரிய கட்டுமான நிறுவனங்கள் மட்டுமே. அவர்களால் காத்திருக்க முடியும்.

ஆகவே கேட்கிறேன். ராம்சர் எல்லை, அதன் தாக்க மண்டலம் (அங்கே நடப்பது சதுப்பைப் பாதிக்கும் சுற்றுப்பகுதி), வரத்துக் கால்வாய்கள், ஒக்கியம் மடுவு ஆகிய எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு வரைபடமாக்கி, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பத்திரப்பதிவு அலுவலக வாசலிலும் ஒட்டுங்கள். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒட்டுங்கள். அந்தப் பக்கம் வீடு வாங்க நினைக்கும் நண்பர்களே, முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, வனத்துறையிடம் எழுத்துப்பூர்வமாகப் பதில் பெறுங்கள்.