தோலை நனைத்துவிட்டு லெச்சோன் என்கிறார்கள்

அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்தாயிற்று. ஜூன் 24, பிலிப்பைன்ஸின் பலாயன் ஊரில் லெச்சோன், அதாவது தணலில் சுட்ட முழுப் பன்றி, ஊர்வலம் வரும் நாள். அதைச் சாக்கிட்டு 'வீட்டிலேயே பிலிப்பைன்ஸ் லெச்சோன்' என்று தலைப்பு. வீடியோக்காரர் பன்றித் தோல்மேல் தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் அப்பி, ஃபாயிலால் மூடி ஓவனில் தள்ளுகிறார். தோல் ரப்பராக வந்ததும், "அவங்க சமையல்ல ஒண்ணும் இல்ல பாஸ்." ஆமாம், தப்பு அவர்கள்மேல்தான்!

தோல் காய வேண்டும் ஐயா. மேலே ஈரம் இருக்கும்வரை சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். தோல் பொரியவே பொரியாது. மூடியும் போட்டால் அது ஓவன் இல்லை, இட்லிச் சட்டி.

"முழுப் பன்றிக்கு எங்கே போவது?" என்பீர்கள். போக வேண்டாம். எலும்பெடுத்த வயிற்றுப் பகுதி 3 கிலோ, தோலோடு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். மசாலா உள்பக்கம் மட்டும்: உப்பு 45 கிராம், மிளகு, 2 முழுப் பூண்டு, தட்டி நசுக்கிய எலுமிச்சைப்புல் 6 தண்டு, ஒரு கட்டு வெங்காயத்தாள். பிலிப்பைன்ஸின் செபு தீவுப் பக்கத்து மணம் இதுதான். சுருட்டி, அங்குலத்துக்கு ஒரு கட்டாக நூலால் இறுக்குங்கள். தோலைத் துடைத்து, மேலே உப்பு மட்டும் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு நாள் முழுக்க. அந்த ஒரு நாளைத்தான் யாரும் தர மாட்டேன் என்கிறீர்கள். பிறகு 160 டிகிரியில் 3 மணி நேரம். கடைசியில் 230-க்கு ஏற்றி 20, 30 நிமிடம், பக்கத்திலேயே நின்று. கொப்புளம் கொப்புளமாகப் பொரியும். கண் அசந்தால் கருகும். எடுத்தபின் அரை மணி ஆறட்டும். அப்போதும் ஃபாயில் வேண்டாம், ஆவி பட்டுத் தோல் தொய்ந்துவிடும்.

"அங்கேயே பால் தடவுகிறார்களே?" தடவுகிறார்கள், பிரஷ்ஷில் மெல்லிசாக, நிறத்துக்கு. தணல் சூட்டில் அது உடனே காய்ந்துவிடும். உங்களைப்போல் சுவருக்குச் சுண்ணாம்பா அடிக்கிறார்கள்?

"பலாயனில் தண்ணீர் ஊற்றித்தானே கொண்டாடுகிறார்கள்?" என்று ஒரு மேதாவி. புனித யோவான் திருநாள், ஊரே நனைகிறது. அதனால்தான் உடுப்பு மாட்டி ஊர்வலம் வரும் லெச்சோனுக்கு மேலே பிளாஸ்டிக் சுற்றுகிறார்கள். ஊரே நனையலாம், தோல் நனையக் கூடாது!

"பன்றிக்குச் சட்டையா, சீ" என்ற கமெண்டுக்கு மட்டும் இருநூறு சிரிப்பு. மூங்கிலில் கோத்து மணிக்கணக்கில் கையால் சுற்றுகிறவனைப் பார்த்தா இந்தச் சிரிப்பு? தணலை நேர் கீழே போடாமல் இரண்டு ஓரமாகத் தள்ளி, கனத்த தொடைக்கும் தோளுக்கும் கூடுதலாக ஒதுக்குவான். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் வயிறு கருகி வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். வீடியோவின் கீழே இவ்வளவையும் மரியாதையாகத்தான் எழுதினேன். "சமையல் போலீஸ்" என்றார். சரி, அப்படியே இருக்கட்டும்.

ஒன்றுதான் தாங்கவில்லை. மீந்த லெச்சோனை அங்கே மறுநாள் வினிகர், ஈரல் சாஸ், பிரிஞ்சி இலை, மிளகு போட்டு பக்சிவ் என்ற புளிப்புக் குழம்பு ஆக்குவார்கள். தொய்ந்த தோல் அதில் வெண்ணெயாய் இளகும். அந்த ரப்பரையும் அப்படிக் காப்பாற்றியிருக்கலாம். குப்பைத்தொட்டியில் கொட்டி, அதையும் ஸ்லோமோஷனில் போட்டிருக்க வேண்டாம்.